பூவின் நிறம் ஆய்ந்த பேராசிரியர்

மலரைக் கண்டு மகிழாதார் இலர். கவிஞன் அதன் நிறத்தைப் பாடுகிறான், ஓவியன் தீட்டுகிறான், பூக்காரி தொடுத்து விற்கிறாள். அந்த நிறம் எந்தப் பொருளால் ஆயது, செடி அதனை எவ்வாறு ஆக்குகிறது என்ற இரண்டு கேள்விகளை விடாமல் கேட்டு வாழ்ந்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர் நாம் பயிலும் இதே தில்லிப் பல்கலைக்கழகத்தில் இரசாயனத் துறைக்குத் தலைவராய் விளங்கியவர். பேராசிரியர் டி. ஆர். சேஷாத்ரி என்பது அவர் பெயர். நம் சங்கத்து நண்பர் பலர் அவர் பெயரையும் அறியார். நான் அத்துறையில் முதுகலை பயில்பவன். ஆகவே அவர் வரலாற்றைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

இளமையும் கல்வியும்

1900ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில் பிறந்தார். பள்ளிக் கல்வியைத் திருவரங்கம், திருச்சிப் பக்கத்தில் முடித்துக்கொண்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். வசதி மிகுந்த குடும்பம் அன்று. இராமகிருஷ்ண மிஷன் அவர் படிப்புக்கு உதவியது. பட்டம் பெற்றபின் சில காலம் அந்த மிஷனில் பணியாற்றிவிட்டு, பேராசிரியர் பி. பி. டே என்பாரிடம் ஆராய்ச்சி மாணவரானார்.

1927இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். மான்செஸ்டரில் அவருக்கு வாய்த்த ஆசான் இராபர்ட் இராபின்ஸன். பின்னாளில், 1947இல், நோபல் பரிசு பெற்றவர். அக்காலத்தில் பூச்சாயங்களின் இரசாயனம் ஐரோப்பாவில் சூடு பிடித்திருந்தது. சிவந்த ரோஜாவும் நீலச் சோளப்பூவும் ஒரே சாயத்தால் நிறம் பெறுகின்றன என்று ஜெர்மானிய அறிஞர் வில்ஷ்டேட்டர் முன்னரே காட்டியிருந்தார். அத்தகைய சாயங்களை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கும் பணியில் இராபின்ஸன் ஈடுபட்டிருந்தார். சேஷாத்ரியும் அதில் பங்கு கொண்டார். 1929இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. பிறகு ஆஸ்திரியாவிலுள்ள கிராட்ஸ் நகரில் பிரெகல் என்பாரிடம் மிகச் சிறிதளவு பொருளைக் கொண்டே அதன் கூறுகளைக் கணக்கிடும் நுண்பகுப்பு முறையைக் கற்றார். எடின்பரோவிலும் சில காலம் ஆராய்ந்தார்.

தாயகத்துப் பூக்கள்

1930இல் தாயகம் திரும்பி, முதலில் கோயம்புத்தூரில் வேளாண்மை ஆராய்ச்சியில் பணி செய்தார். பின்னர் வால்டேரிலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே இரசாயனத் துறையை ஏறக்குறைய அடித்தளத்திலிருந்தே எழுப்பவேண்டியிருந்தது. விலையுயர்ந்த கருவிகள் இல்லை. ஆனால் பூக்களுக்குப் பஞ்சமா? பருத்திப்பூவையும் அதன் இனத்தைச் சேர்ந்த பூவரசு முதலியவற்றின் பூக்களையும் மூட்டை மூட்டையாகச் சேர்த்து, உலர்த்தி, சாராயத்தில் ஊறவைத்து, மஞ்சள் நிறப் படிகங்களைப் பிரித்தெடுத்தார்கள் அவரும் மாணவரும். நம் ஊரில் குப்பையில் உதிரும் பூவரசம்பூ ஆராய்ச்சிப் பொருளாயிற்று. முடிவுகளிற் பலவற்றை வெளிநாட்டு ஏடுகளுக்கே அனுப்பாமல், இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டிலேயே அச்சிட்டார்.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரலில், விசாகப்பட்டினத்தின்மேல் குண்டு விழுந்தது. போர்க்காலத்தில் ஆய்வுக்கூடத்தை விட்டு, குண்டூருக்கும் சென்னைக்கும் பெயரவேண்டிய நிலை வந்தது. ஆராய்ச்சி நின்றுவிடவில்லை.

அவருடைய சிறந்த கண்டுபிடிப்பு ஒன்றை மட்டும் விளக்குகிறேன். மஞ்சட் சாயங்கள் பல ‘பிளேவோன்’ என்னும் ஒரே கட்டமைப்பின் வடிவங்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேற்றுமை பெரும்பாலும் ஹைட்ராக்ஸில் தொகுதி எத்தனை, எந்த இடத்தில் என்பதே. வெங்காயத்திலுள்ள குவெர்ஸெடினுக்கு ஐந்து. பருத்திப்பூவின் காஸிபெடினுக்கு ஆறு. காரக் கரைசலில் பொட்டாசியம் பர்சல்பேட்டைச் சேர்த்து, கட்டமைப்பைச் சிதைக்காமலே இன்னொரு ஹைட்ராக்ஸிலைப் புகுத்தும் முறையைச் சேஷாத்ரி வளர்த்தார். எளிய சாயத்திலிருந்து சிக்கலான சாயத்தைச் செடியும் இப்படிப் படிப்படியாகத்தான் ஆக்குகிறதோ என்ற சிந்தனைக்கு அது வழி திறந்தது.

தில்லியில்

1949இல் தில்லிக்கு வந்தார். கூட்டு முயற்சியாலும் கடும் உழைப்பாலும் இங்குள்ள துறையை இயற்கைப் பொருள் ஆராய்ச்சியின் தலைசிறந்த நிலையமாக்கினார். செம்மரத்தின் சிவப்பு, பாறையில் வளரும் கற்பாசி, எல்லாம் அவர் மேசைக்கு வந்தன. 1960இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினர், 1963இல் பத்மபூஷண், 1965இல் ஓய்வுக்குப்பின் தகைசால் பேராசிரியர். அவரிடம் டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ந்தோர் ஏறத்தாழ 160 பேர்; வெளிவந்த கட்டுரைகள் ஆயிரத்துக்கு மேல். 1975 செப்டம்பரில் மறைந்தார்.

அவருக்குப் பின்

இனி, இவ்வரலாற்றை இன்று ஏன் எழுதுகிறேன் என்பதைச் சொல்லவேண்டும். ஊரிலுள்ள உறவினர் என்னைத் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. பெரியப்பாவுக்கு மூட்டுவலி, கடைக்காரர் செடிச்சாயம் அடங்கிய மாத்திரை ஒன்றைத் தருகிறார், அது அழற்சியைத் தணிக்குமாம், முதுமையைத் தள்ளிப்போடுமாம், நீ இரசாயனம் படிக்கிறாயே, வாங்கலாமா? என்ன சொல்வேன்?

சேஷாத்ரி எண்ணிக் கணக்கிட்ட ஹைட்ராக்ஸில்களில்தான் விடையின் பாதி இருக்கிறது. நம் உயிரணுக்கள் ஆக்ஸிஜனைக் கொண்டு எரிபொருளைச் செலவிடும்போது, மின்னணு ஒன்று இணையின்றி நிற்கும் முரட்டு மூலக்கூறுகளும் பிறக்கின்றன. அவை கொழுப்பையும் புரதத்தையும் தாக்கும். உடம்பு அவற்றை அடக்க நொதிகளை வைத்திருக்கிறது. 1969இல் அமெரிக்க அறிஞர் இருவர் அத்தகைய நொதி ஒன்றின் தொழிலைக் கண்டனர். அடக்கும் ஆற்றலைத் தாக்கும் ஆற்றல் மிஞ்சுவதையே ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். அழற்சியின்போது வெள்ளணுக்கள் இத்தகைய மூலக்கூறுகளைத் தாமே சுரக்கின்றன. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்ஸில் கொண்ட சாயம், தன் ஹைட்ரஜன் ஒன்றைக் கொடுத்து அந்த முரடனை அமைதிப்படுத்தும். அழற்சியைத் தூண்டும் சில நொதிகளையும் தடுக்கும். இவை சோதனைக் குழாயில் தெளிவாகத் தெரிந்த உண்மைகள்.

விடையின் மறுபாதி உடம்பில் இருக்கிறது. சோதனைக் குழாய்க்குக் குடலும் இல்லை, ஈரலும் இல்லை. உண்ட சாயத்தில் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது; அதுவும் உருமாறியே சேர்கிறது. நம் மஞ்சளிலுள்ள குர்குமின் இன்னும் குறைவாகவே சேர்கிறது. 1993இல் டச்சு நாட்டில் 805 முதியவர்களை ஆராய்ந்தபோது, தேநீர், வெங்காயம், ஆப்பிள் வழியாகப் பிளேவோன் இனப் பொருள்களை மிகுதியாகப் பெற்றவர்கள் இதய நோயால் இறப்பது குறைந்திருந்தது. நல்ல செய்தி; ஆயினும் அது உணவைப் பற்றியது, மாத்திரையைப் பற்றியது அன்று. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், கேரட்டின் நிறப்பொருளான பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சிலருக்குக் கொடுத்தார்கள். நுரையீரற் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994இல் முடிவு வெளிவந்தது: மாத்திரை உண்டவரிடம் அந்நோய் 18 விழுக்காடு கூடியிருந்தது! கேரட்டு தீங்கு செய்யாது; அதன் சாயத்தை மட்டும் பிரித்து நாள்தோறும் பெருமளவில் விழுங்குவது வேறு காரியம்.

ஆகவே உறவினருக்கு நான் சொல்வது இதுதான்: கீரையும் வெங்காயமும் கத்தரிக்காயும் நிறம் நிறமாகத் தட்டில் இருக்கட்டும், மூட்டுவலிக்கு மருத்துவரைக் காட்டுங்கள், மாத்திரைக் காசை மிச்சப்படுத்துங்கள். இந்த விடை அவர்களுக்கு அவ்வளவாகச் சுவைப்பதில்லை. விஞ்ஞானம் படிக்கச் சென்ற பிள்ளை ஏதேனும் அதிசய மருந்து சொல்வான் என்று எதிர்பார்க்கிறார்கள். என்றாலும் பெரியப்பா மருத்துவரிடம் போய் வந்தார் என்று சென்ற திங்கள் கேள்விப்பட்டு மகிழ்ந்தேன்.

நண்பர்களே! ஒரு பூவின் சாயத்தில் இன்ன இடத்தில் இன்ன தொகுதி உள்ளது என்று நிறுவுவதற்குச் சேஷாத்ரியும் அவர் மாணவரும் மாதக்கணக்கில் உழைத்தார்கள். பிரித்தெடுத்த பொருள் தூயதா என்று பார்த்தார்கள், அதையே செயற்கையாக ஆக்கி ஒப்பிட்டார்கள், அதன்பிறகே எழுதினார்கள். அந்தப் பொறுமை இல்லாமல் அவர் கண்ட சாயங்களின் பெயரை மட்டும் பொட்டலத்தில் அச்சடிப்பது எளிது. தமிழகத்திலிருந்து தில்லிக்கு வந்து அவர் விட்டுச்சென்ற செல்வம் அந்தப் பொறுமையே. இரசாயனம் பயில்வோர் மட்டுமன்றி, வரலாறும் பொருளியலும் பயிலும் நம்மவரும் அதில் பங்கு கேட்கலாம். கேட்போமாக!