சத்து மாத்திரையும் புற்றுநோய் மருந்தும்: யார் இந்த எல்லாப்பிரகத சுப்பாராவ்?

நெல்லைப் பக்கம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோட ஃபோலிக் அமில மாத்திரையும் தர்றாங்க. அந்த ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்தில் தயாரிச்ச குழுவுக்குத் தலைவர், சென்னையில் மருத்துவம் படிச்ச சுப்பாராவ்.

கதர் போட்டதால் போன பட்டம்

1895-ல் பீமாவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கலை. எம்.பி.பி.எஸ் கிடைக்கலை, எல்.எம்.எஸ் சான்றுதான் கிடைச்சது. சகோதரர்கள் இருவரை 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய் அடுத்தடுத்து பலிகொண்டது. பின்னாளில் அந்த நோய்க்கு மருந்தானதும் இதே ஃபோலிக் அமிலம்தான்.

டி.என்.ஏ-வுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

ஒரு செல் இரண்டாகப் பிரியணும்னா, முதல்ல டி.என்.ஏ-வை நகல் எடுக்கணும். அதுக்கான மூலப்பொருளை உருவாக்க ஃபோலிக் அமிலம் வேணும். கருவில் வளரும் குழந்தைக்கு அது அவசியம். அதையே தடுத்தா, வேகமா பெருகும் புற்றுநோய் செல் முடங்கும்.

அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் இவர் குழு உருவாக்கிய தடுப்பு மருந்து அமினோப்டெரின். பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் பாதித்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமா தணிஞ்சது. அதுவரை அந்த நோய்க்குப் பலன் தர்ற மருந்தே இல்லை.

அதே வகை மருந்தான மெத்தோட்ரெக்சேட், புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் இன்னைக்கும் பயன்படுது.

1948 ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் இறந்தார். டி.என்.ஏ-வின் இரட்டைச் சுருள் வடிவத்தை உலகம் அறிந்தது 1953-ல்தான். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவே இல்லை.