பாரக்பூரில் ஒரு பிற்பகல்

மங்கள் பாண்டேயின் வரலாற்றை எழுதப் புகுந்தவனுக்கு முதலில் ஒரு திகைப்பு ஏற்படும். இளவயதிலேயே மறைந்த அம்மனிதனைப் பற்றி உறுதியாகக் கிடைப்பது ஒரே ஒரு பிற்பகல்தான். இன்றைய உத்தரப் பிரதேசத்துப் பலியா மாவட்டத்தில் நாக்வா என்ற சிற்றூரில் பிறந்தான் என்று பெரும்பாலோர் கூறுவர். (எங்கள் விடுதியில் பலியாக்காரர் ஒருவர் உண்டு. இதில் ஐயம் எழுப்பினால் அன்று அவர் நம்மோடு உணவருந்த மாட்டார்!) 1849இல் கும்பினியின் வங்காளப் படையில் சேர்ந்தான். 34ஆம் காலாட்படையில் அவன் எண் 1446. பதவி, வெறும் சிப்பாய். ஏழாண்டுகள் அவன் பெயர் எவர் கண்ணிலும் படவில்லை.

அந்நாளில் கும்பினி என்பீல்டு என்னும் புதுத் துப்பாக்கியைக் கொண்டு வந்தது. அதன் குழலின் உட்புறத்தில் சுருள் சுருளாக வரிப்பள்ளங்கள் உண்டு. குண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பாயும்; நெடுந்தொலைவிலும் குறி தப்பாது. ஆனால் மருந்துக் கரி படிந்த குழலில் குண்டு தடையின்றி இறங்க மசகு வேண்டும். ஆகவே மருந்தையும் குண்டையும் பொதிந்த காகிதத் தோட்டாவில் கொழுப்பைப் பூசினார்கள். தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிப்பதோ படை வழக்கம். உராய்வைக் குறைக்க எண்ணெயும் தேன்மெழுகும் போதும் என்பது நம்மைப் போன்ற அறிவியல் மாணவர்களுக்குச் சிறு செய்தி. கும்பினி அதிகாரிகள் அதைக் காலத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு என்ற பேச்சு 1857 சனவரியில் தம்தம்மிலிருந்து கிளம்பிப் படைவீடுகளெங்கும் பரவியது. 1806இல் நம் வேலூர்க் கோட்டையில், தோற்பட்டம் வைத்த புதுத் தலைப்பாகையால் மூண்ட தீயை அவர்கள் அதற்குள் மறந்துவிட்டார்கள் போலும்.

பிப்ரவரி 26இல் பெர்காம்பூரில் 19ஆம் படையினர் தோட்டாக்களை வாங்க மறுத்தனர். அப்படையைப் பாரக்பூருக்கு வரவழைத்துக் கலைத்துவிட முடிவாயிற்று. துணைக்கு இரங்கூனிலிருந்து வெள்ளைப் படை வந்திறங்கியது. அடுத்து நம் முறையோ என்று 34ஆம் படை கலங்கி நின்றது.

மார்ச் 29, ஞாயிறு. பாண்டே மேலே சிவப்புச் சட்டை, கீழே வேட்டி என்ற கோலத்தில் துப்பாக்கியுடன் அணிவகுப்புத் திடலுக்கு வந்தான். உடன் வருமாறு தோழர்களைக் கூவி அழைத்தான். எவரும் வரவில்லை. சார்ஜண்டு மேஜர் ஹியூசனை நோக்கிச் சுட்டான், குறி தப்பியது. குதிரையில் விரைந்து வந்த லெப்டினண்டு பாவை நோக்கிச் சுட்டான், குதிரை விழுந்தது. பின்னர் வாளெடுத்து இருவரையும் வெட்டிக் காயப்படுத்தினான்.

நண்பர்களே, அந்தத் திடலில் என் கண் பாண்டேயைவிட்டு விலகி, சுற்றி நின்றவர்கள் மேல் செல்கிறது. அருகில் காவற்படை ஒன்று இருந்தது. அதன் தலைவன் ஜமாதார் ஈசுவரி பிரசாத் பாண்டேயைப் பிடிக்குமாறு தன் ஆட்களை ஏவவில்லை. சேக் பல்ட்டு என்ற சிப்பாய் ஒருவன் மட்டும் பாண்டேயின் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். மற்றவர்கள் அந்தப் பல்ட்டுவின் மேல் கல்லும் செருப்பும் வீசினார்கள்! சேர்ந்து போராடத் துணிவில்லை. காட்டிக் கொடுக்க மனமும் இல்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் அன்றைய படையின் உள்ளம் என்று நினைக்கிறேன்.

தளபதி ஹியர்சே தம் மக்கள் இருவருடன் வந்து காவற்படையை மிரட்டி முன்னே நடத்தினார். பாண்டே துப்பாக்கியின் வாயைத் தன் மார்பில் வைத்துக் கால்விரலால் விசையை அழுத்தினான். உயிர் போகவில்லை, காயம் மட்டும்.

விசாரணையில், தான் பாங்கும் அபினும் உட்கொண்டிருந்ததாக அவனே ஒப்புக்கொண்டான். இதைக் காட்டி அவனை வெறும் போதைக்காரன் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அது ஏற்புடையதன்று. பாங்கு அவன் கையை ஆட்டியிருக்கலாம். ஆனால் போதை தெளிந்து, புண்ணோடு நீதிமன்றத்தில் நின்றபோது, தானாகவே செய்ததாகக் கூறினானேயன்றி ஒரு தோழனின் பெயரையும் அவன் சொல்லவில்லை. அழைத்தபோது வராதவர்களை அவன் காட்டிக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 6இல் தீர்ப்பு; 8இல் தூக்கு. 21இல் ஈசுவரி பிரசாத்தையும் தூக்கிலிட்டனர். பல்ட்டு அவல்தார் ஆனான். அத்துடன் விட்டிருந்தால் ஒருவனின் ஆவேசமாக அது முடிந்திருக்கக் கூடும். மே 6இல் பாரக்பூரிலிருந்த 34ஆம் படையினரையே கலைத்தார்கள். வேலையிழந்து ஊர் திரும்பியவர்களோடு பாண்டேயின் கதையும் வடக்கே நடந்தது. அங்கே மீரட்டில் தோட்டாவை மறுத்த குதிரைவீரர் 85 பேருக்கு மே 9இல் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் தோழர்கள் சிறையை உடைத்தார்கள், போர் மூண்டது.

அப்போரில் ஆங்கிலச் சிப்பாய்கள் தம்மை எதிர்த்த ஒவ்வொருவனையும், இந்துவாயினும் முசுலிமாயினும், பாண்டி என்றே அழைத்தார்கள்.