முதல் தேர்தலுக்குப் பந்தற்கால் நட்டவர்

நம் நாடு விடுதலை பெற்ற நாள் எதுவென்று கேட்டால் முதல் வகுப்புக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் நாட்டு மக்கள் அனைவரும் முதன்முதலாகத் தங்களை ஆள்பவரைத் தாங்களே தேர்ந்தெடுத்தது எப்போது, அந்தத் தேர்தலை முன்னின்று நடத்தியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் திருதிருவென்று விழிப்போம். வரலாற்று நூல்கள் போற்றும் அப்பெருமகனாரின் பெயர் சுகுமார் சென்.

வங்காளத்தில் பிறந்த இவர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்றார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். 1921-ஆம் ஆண்டு ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, மேற்கு வங்காளத்தின் தலைமைச் செயலர் ஆனார். இதுவரை சொன்னது அக்காலத்து அதிகாரிகள் பலருக்கும் பொருந்தக்கூடிய கதைதான். 1950-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவரை இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராக நியமித்தார்கள். அவர் கதை உண்மையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வெள்ளையர் ஆட்சியில் சொத்தோ, வரியோ, படிப்போ உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு இருந்தது. புதிய அரசியல் சட்டமோ 21 வயது நிரம்பிய எல்லாருக்கும் ஓட்டு என்றது. அப்படிப்பட்டவர்கள் 17 கோடிக்கும் மேல். அவர்களுள் நூற்றுக்கு 85 பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். நேரு பெருமகனார் தேர்தலை விரைவில் நடத்திவிட விரும்பினார். சென் அவர்களோ பொறுத்திருக்கச் சொன்னார். ஒரு வீட்டில் கல்யாணம் என்றாலே பந்தற்கால் நட்ட நாள் முதல் பெரியவர்களுக்குத் தூக்கம் இல்லை. இங்கே நாடு முழுவதற்கும் அல்லவா பந்தல் போட வேண்டியிருந்தது!

அவர் கணித மாணவர் என்பது அடுத்து வந்த வேலைகளில் நன்றாகத் தெரிகிறது. வாக்காளர் பெயர்களைத் தட்டச்சு செய்து தொகுக்க 16,500 எழுத்தர்களை ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தினார்கள். 2,24,000 வாக்குச்சாவடிகள் அமைத்தார்கள். ஏறத்தாழ 20 இலட்சம் இரும்புப் பெட்டிகள் செய்ய 8,200 டன் எஃகு செலவாயிற்று. இத்தனை பெட்டி எதற்கு என்று கேட்கலாம். அப்போது வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி. அதன்மேல் இரட்டைக்காளை, யானை, குடிசை என்று அவரவர் சின்னம். படிக்கத் தெரியாத பாட்டியும் படத்தைப் பார்த்து, தான் விரும்பிய பெட்டிக்குள் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். ஒருவரே இருமுறை போடாதிருக்க விரலில் அழியாத மை வைத்தார்கள். வாக்குரிமை என்றால் என்ன என்பதை வானொலியிலும், திரைப்படக் கொட்டகைகளில் காட்டிய செய்திப்படத்திலும் விளக்கினார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெண்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பட்டியல் எடுக்கச் சென்றவர்கள் வட மாநிலங்களில் பல வீடுகளில் ஒரு விந்தையைக் கண்டார்கள். அங்கிருந்த பெண்கள் அந்நியரிடம் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய், இன்னாருடைய மகள் என்று மட்டுமே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். எழுத வந்தவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். கணவர் பெயரைச் சொல்லாத பாட்டிமாரை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். தம் பெயரையே சொல்லாதவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

சென் அவர்கள் இதை ஏற்கவில்லை. ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் கேட்டு எழுத வேண்டும் என்று ஆணையிட்டார். பீகாரில் இதற்காகவே ஒரு மாதம் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. அதன்பின் பலர் பெயர் சொன்னார்கள். அப்படியும் சொல்லாதவர்கள் ஏறத்தாழ 28 இலட்சம் பேர். அத்தனை பேரும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

இது மிகக் கடுமையான முடிவு. பழக்கத்தின் கட்டுக்குள் இருந்த ஏழைப் பெண்கள் என்ன குற்றம் செய்தார்கள்? முதல் தேர்தலில் ஓட்டுப் போடும் பேறு அவர்களுக்குக் கிட்டாமலே போயிற்று. ஆனால் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெயர் இல்லாத ஓட்டை யார் வேண்டுமானாலும் வந்து போட்டுவிடலாம். அன்றியும், இன்னாருடைய மனைவி என்று எழுதிவிட்டால், அந்த ஓட்டும் அந்த இன்னாருடையதாகவே ஆகிவிடாதா? வாக்குச்சாவடி மறைவுக்குள் கணவரோ தந்தையோ உடன் வருவதில்லை. அவள் தனியாகத்தான் நிற்க வேண்டும், தனியாகத்தான் யோசிக்க வேண்டும். அப்படி நிற்பவளுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றது சரி என்றே எனக்குப் படுகிறது. என் தோழியர் சிலர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பெயரை முதலில் சேர்த்துவிட்டு, பிறகு திருத்தியிருக்கலாம் என்பது அவர்கள் கட்சி.

1951 அக்டோபர் 25-ஆம் நாள், பனி மூடுமுன் முடித்துவிட வேண்டுமென்று, இமயமலைப் பகுதியிலுள்ள சீனி என்ற ஊரில் முதல் வாக்குகள் பதிவாயின. 1952 பிப்ரவரி வரை தேர்தல் நடந்தது. சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் அவர்கள் பம்பாயில் தோற்றார். நம் சென்னை மாநிலத்தில் ஆண்டுகொண்டிருந்த காங்கிரசுக்கு 375 இடங்களில் 152 மட்டுமே கிடைத்தன. பெரியவர்களையும் மாற்றி ஓட்டுப் போடலாம் என்பதை எழுத்தறியாத மக்கள் எவ்வளவு விரைவாகப் புரிந்துகொண்டார்கள், பாருங்கள்!

1953-இல் சூடான் நாட்டுத் தேர்தலை நடத்தித் தரும் பொறுப்பும் சென் அவர்களைத் தேடி வந்தது. 1957-இல் நம் இரண்டாம் பொதுத்தேர்தலையும் அவரே நடத்தினார். முதல் தேர்தலின் பெட்டிகளைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்ததால் இம்முறை செலவு சில கோடி ரூபாய் குறைந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் மெச்சுவார்கள். அந்த முறை சில பெட்டிகளைத் திறந்தபோது வாக்குச் சீட்டுகளோடு வேட்பாளரைத் திட்டி எழுதிய தாள்களும், சினிமா நட்சத்திரங்களின் படங்களும், காசுகளும்கூட இருந்தனவாம்! முதல் தேர்தலில் விடுபட்ட பெண்களைச் சேர்க்கத் தனி முயற்சி எடுத்தார்கள். தங்கள் பெயரைச் சொல்லிப் பதிந்துகொண்ட பெண்களின் எண்ணிக்கை மிகவும் கூடியிருந்தது.

1958-ஆம் ஆண்டு இறுதியில் அவர் அப்பதவியிலிருந்து விடைபெற்றார். 1960-இல் பர்துவான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். 1963-இல் மறைந்தார்.

ஓட்டுப் போடும் வயது 1989 முதல் 18 ஆகிவிட்டது. பத்தாம் வகுப்பிலிருக்கும் எங்களுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள்தான். சென் அவர்கள் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வைக்கவில்லை. ஆனால் முதல் தேர்தலைப் பற்றி அவருடைய ஆணையம் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. பெட்டிகளின் கணக்கு, காகிதத்தின் கணக்கு இவற்றுக்கு நடுவே, பெயர் சொல்லாமல் போன அந்த 28 இலட்சம் பெண்களின் கணக்கும் அதில் மறைக்கப்படாமல் இருக்கிறது.