தோமையார் மலைக்குப் படி அமைத்த வணிகர்

தவக்காலம் வந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பங்குகளிலிருந்து புனித தோமையார் மலைக்குத் திருப்பயணம் செல்கிறோம். சிலுவைப்பாதை செபித்தபடி அடிவாரத்திலிருந்து படியேறுகிறோம். அந்தப் படிகளை அமைத்தது யார் என்று கேட்டால், போர்ச்சுகீசியர் என்றே நம்மில் பலர் சொல்வோம். மலைமேல் உள்ள ஆலயம் அவர்கள் எழுப்பியதுதான். ஆனால் 130க்கும் மேற்பட்ட அந்தப் படிகள் ஆர்மீனியர் ஒருவரின் காணிக்கை. அவர் பெயர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். பெட்ரூஸ் என்பது வேறொன்றும் அல்ல, நம்முடைய பேதுருதான். கோஜா என்பது பெருவணிகர்களுக்கு வழங்கிய மரியாதைப் பெயர்.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்ற நாடு ஆர்மீனியா. 1600களின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜூல்ஃபா என்ற ஆர்மீனிய நகரத்து மக்களை வேரோடு பெயர்த்து, தம் தலைநகரான இஸ்பகானுக்கு அருகே குடியேற்றினார். அந்தப் புதிய ஜூல்ஃபாவின் வணிகர்கள் பட்டும் துணியும் மணிகளும் விற்று உலகமெங்கும் சென்றார்கள். சென்ற இடமெல்லாம் ஆலயம் கட்டினார்கள். நம் தோமையாரிடம் அவர்களுக்குத் தனிப் பற்று இருந்தது. 1517இல் போர்ச்சுகீசியருக்கு மயிலாப்பூரில் திருத்தூதரின் கல்லறையைக் காட்டியவரும் ஓர் ஆர்மீனிய வணிகரே.

பாரிமுனையில் அவர்கள் வாழ்ந்த தெரு, நம் மக்களின் வாயில் அரண்மனைக்காரத் தெரு ஆகிவிட்டது. அங்குள்ள அந்தோனியாரைத் தேடிப் போகும் நம்மவர் சிலர், எந்த மன்னரின் அரண்மனை என்று யோசித்திருக்கலாம். அரண்மனை ஏதும் இல்லை. ஆர்மீனியன்தான் அரண்மனைக்காரன் ஆனான்!

ஜூல்ஃபாவைச் சேர்ந்த உஸ்கான், மணிலாவோடு நடத்திய வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டிச் சென்னையில் நிலைகொண்டவர். ஆர்மீனியருள் பெரும்பாலோர் தங்கள் தொன்மையான திருச்சபையைச் சேர்ந்தவர்கள். இவர் கத்தோலிக்கர். அந்நாளில் கோட்டையிலிருந்து தோமையார் மலைக்குச் செல்ல, சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் திருப்பயணி கரையிலேயே நிற்க வேண்டியதுதான். 1726இல் உஸ்கான் அங்கே பாலம் கட்டினார். செலவு 30,000 வராகன். பழுது பார்ப்பதற்கென்று மேலும் 1,500 வராகனை ஒதுக்கினார். நமக்கு வியப்பளிப்பது அந்தச் சிறிய தொகைதான். கட்டித் திறந்து பெயர் பொறிப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. திறப்பு விழாவுக்குப் பிறகு வரும் விரிசலை நினைத்துப் பணம் வைத்தவர்கள் எத்தனை பேர்? பாலத்தைக் கடந்தவர் மலையும் ஏற வேண்டுமே என்று படிகளையும் அமைத்தார்.

வேப்பேரியில் புதுமைகளின் அன்னைக்கு அவர் ஓர் ஆலயமும் எழுப்பினார். அதன் கதை வேதனையானது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றினார்கள். அவர்களும் கத்தோலிக்கர், உஸ்கானும் கத்தோலிக்கர். புதுச்சேரிக்கு வந்துவிடுமாறு அழைத்தார்கள். அவர் இணங்கவில்லை. எந்த ஆட்சியின்கீழ் வாழ்ந்து வளம் பெற்றாரோ, அந்த ஆங்கிலேயருக்கே உண்மையாக இருந்தார். விளைவாகச் சென்னையில் இருந்த அவர் சொத்துகள் பறிபோயின.

1749இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தார்கள். கத்தோலிக்கர் எல்லாரும் பிரெஞ்சுக்காரருக்குத் துணைபோனவர்கள் என்ற சந்தேகம் அவர்களுக்கு. கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்க ஆலயத்தை இடித்தார்கள். உஸ்கான் 1751 ஜனவரி 15 அன்று, ஏறத்தாழ 70 வயதில் இறந்து, தாம் கட்டிய வேப்பேரி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விரும்பியபடி இதயம் மட்டும் ஜூல்ஃபாவுக்கு அனுப்பப்பட்டது. மறு ஆண்டே, 1752இல், அரசு அந்த ஆலயத்தை எடுத்துப் புராட்டஸ்டண்ட் மறைப்பணியாளர்களிடம் கொடுத்துவிட்டது. அரசுக்காகத் தம் செல்வத்தை இழந்தவருக்குக் கிடைத்த கைம்மாறு இது.

ஆனால் அங்கே பொறுப்பேற்ற ஜெர்மானியர் பப்ரீசியஸ், தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் தமிழ் அகராதிக்கும் உழைத்தவர் என்பதையும் நாம் மறக்கலாகாது. பறித்தது அரசு, அங்கே செபம் நிற்கவில்லை. 1820களில் பழைய ஆலயத்தின் இடத்தில் இப்போதுள்ள புனித மத்தியா ஆலயம் எழும்பியது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது.

சைதாப்பேட்டையில் உஸ்கான் கட்டிய பாலமும் இப்போது இல்லை. மாம்பலம் என்ற பெயரை ஆங்கிலேயர் திரித்து மார்மலாங் பாலம் என்றழைத்த அது, 240 ஆண்டுகள் உழைத்தபின், 1966இல் மறைமலை அடிகள் பாலத்துக்கு இடம் விட்டது. ஆர்மீனியம், பாரசீகம், இலத்தீன் மொழிகளில் பொறித்த அதன் கல்வெட்டைச் சாலையோரத்தில் நிறுத்தி வைத்தார்கள். பேருந்தில் கடக்கும் நம் கண்ணில் அது படுவதில்லை.

படிகள் இருக்கின்றன. இன்று வாகனத்திலேயே மலையுச்சி வரை போக முடிகிறது. ஆயினும் டிசம்பர் 18, எதிர்நோக்கு அன்னையின் திருநாளில் மூட்டுவலியோடும் அந்தப் படிகளில் ஏறும் தாய்மாரைக் காண்கிறோம். உஸ்கானின் கல்லறை வேப்பேரியில், புனித மத்தியா ஆலய வளாகத்தில் இருக்கிறது. அடுத்த முறை மலைக்குச் சென்று திரும்பும் வழியில் அங்கே இறங்கி, அவருக்காக ஒரு செபம் சொல்லிவிட்டு வரலாம்.