கணக்குப் பேராசிரியர் அமைச்சரான கதை: செ. சுந்தரலிங்கம்

என் பாட்டியிடம் நெடுங்காலம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுத்து வைக்க வேண்டும் என்று அன்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நீல அட்டை கேட்டு அவர் ஏறி இறங்கிய அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் வேறொரு தாளைக் கேட்டு அனுப்பினார்கள். ஒருவழியாக 61ஆவது வயதில் அட்டை கைக்கு வந்த நாளில், சுபாங் ஜெயாவில் எங்கள் வீட்டில் அம்மா கேசரி கிண்டினார். எனக்கு அப்போது ஏழு வயது. எதற்குக் கேசரி என்றே எனக்குப் புரியவில்லை.

அதனால்தானோ என்னவோ, தோட்டத் தமிழர்களின் குடியுரிமை விஷயத்தில் அமைச்சர் பதவியைத் துறந்த ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார் என்று பிரிக்பீல்ட்ஸில் என் தோழியின் தாத்தா சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். நானோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கணிதம் படிப்பவள். கணக்கு வாத்தியார் அரசியலுக்குப் போனால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா?

அவர் பெயர் செல்லப்பா சுந்தரலிங்கம். 1895இல் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்தார். அண்ணன் தம்பிகள் எல்லாருடைய பெயரும் லிங்கத்தில் முடியும். எல்லாரும் படிப்பில் சூரர்கள். அவர்களில் ஒருவரான நாகலிங்கம் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பள்ளிப் படிப்பை முடித்து, ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரிக்குப் போனார். கணிதத்தில் முதல் வகுப்பு. அந்தக் காலத்தில் ஒரு குடியேற்ற நாட்டுப் பையன் எட்டக்கூடிய உச்சம் சிவில் சர்வீஸ். அந்தத் தேர்விலும் தேறி, 1920இல் இலங்கை சிவில் சர்வீஸில் சேர்ந்தார். சேர்ந்த சூட்டோடு விட்டும் விட்டார். பதவியை உதறுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. வாழ்நாளில் இன்னும் பல தடவை செய்யப் போகிறார்.

பிறகு பாடம் சொல்லிக்கொடுக்க வந்தார். கொழும்பில் பௌத்தர்களின் பெரிய பள்ளியான ஆனந்தா கல்லூரியில் துணை முதல்வர். அடுத்து இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். 1921இல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்குச் சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் உரிமை கிடையாது. மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத் தேர்வைத்தான் எழுத வேண்டும். கொழும்பில் உட்கார்ந்துகொண்டு லண்டன் வினாத்தாளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் வேலையை 1940 வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் பார்த்தார். நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1959 முதல் கணிதப் பேராசிரியராக இருந்த சி. ஜே. எலியேசர், 1930களில் கொழும்பின் அந்தக் கல்லூரியில் படித்தவர்தான்.

சுந்தரலிங்கத்தின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் உறுத்துவது 1936. அப்போது அவர் இன்னும் பேராசிரியர்தான்; அரசியல்வாதி இல்லை.

இலங்கையில் 1931 முதல் டொனமூர் அரசியலமைப்பு நடப்பில் இருந்தது. சட்டசபையில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 50 பேர், ஆளுநர் நியமித்தவர்கள் 8 பேர். இந்த 58 பேரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவார்கள். ஒவ்வொரு குழுவும் தனக்கொரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அந்த ஏழு தலைவர்களே ஏழு அமைச்சர்கள். முதல் சபையில் இப்படி அமைச்சரானவர்களில் ஒரு முஸ்லிமும், மலையகத் தமிழரான பெரி. சுந்தரமும் இருந்தார்கள். 1936இல் வந்த இரண்டாவது சபையில் ஏழு பேரும் சிங்களவர்.

இது தற்செயலாக நடக்கவில்லை. யார் எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்ற கணக்கை டி. எஸ். சேனநாயக்க தரப்புக்குப் போட்டுக் கொடுத்தவர் அவருடைய நண்பரான பேராசிரியர் சுந்தரலிங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்து நானும் போட்டுப் பார்த்தேன். படிவம் நான்கு மாணவருக்கே இது புரியும். 58 பேரை ஏழாகப் பிரித்தால் குழுவுக்கு எட்டு அல்லது ஒன்பது பேர். எட்டுப் பேரில் பெரும்பான்மைக்கு ஐந்து பேர் வேண்டும். ஒன்பது பேரிலும் ஐந்து போதும். ஏழு ஐந்து முப்பத்தைந்து. 35 உறுப்பினர்கள் கையில் இருந்து, அவர்களைக் குழுவுக்கு ஐந்து ஐந்தாகச் சிதறவிட்டால் ஏழு அமைச்சர் பதவியும் அவர்களுக்கே. மீதமுள்ள 23 பேர், அதாவது சபையில் கிட்டத்தட்ட 40 விழுக்காட்டினர், ஒரு பதவியும் பெற மாட்டார்கள். அந்தச் சபையில் சிங்கள உறுப்பினர்கள் 35 பேருக்கும் அதிகம். பிறகென்ன?

ஒரு தமிழர் ஏன் இதைச் செய்தார்? அமைச்சர்கள் ஒரே குரலில் கேட்டால்தான் லண்டன் கூடுதல் சுயாட்சி தரும் என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். சேனநாயக்க மீது அவர் வைத்திருந்த நம்பிக்கையும் சேர்ந்திருக்கும். இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. விடை சரியாக வந்த கணக்குதான். அந்த விடையோடு வாழப் போகிறவர்கள் யார் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

1940இல் பேராசிரியர் பதவியை விட்டு வழக்கறிஞரானார், அடுத்து தேர்தல். 1947 பொதுத் தேர்தலில் வவுனியா தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றார். மக்கள் தேர்ந்தெடுத்த 95 பேரில் சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 42 தான். வெளியிலிருந்து ஆள் தேவை. பழைய நண்பர் அழைத்தார். சுந்தரலிங்கம் வர்த்தக வாணிப அமைச்சரானார்.

இனி 1948. எஸ்பிஎம் வரலாற்றுக்கு நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள்: 1948 பிப்ரவரி 1, மலாயாக் கூட்டரசு தோன்றியது. யார் குடிமகன் என்பதை இறுக்கி வைத்த ஏற்பாடு அது. மூன்றே நாள் கழித்து, பிப்ரவரி 4இல், இலங்கை சுதந்திரம் பெற்றது. அங்கேயும் முதல் வேலையாக எடுத்துக்கொண்டது அதே கேள்வியைத்தான். அந்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டப்படி ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழும் குடும்பம் பாட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போகும்? என் பாட்டிக்குச் சொந்தப் பத்திரமே இல்லை! ஏழு லட்சத்துக்கும் அதிகமான மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

இதை வாசிக்கும்போது, சுந்தரலிங்கம் இந்த இடத்தில்தான் எழுந்து எதிர்த்திருப்பார் என்று நினைத்தேன். இல்லை. அந்த முதல் சட்டத்துக்கு அவர் ஆதரவாகவே வாக்களித்தார். அமைச்சரவையில் இருந்த இன்னொரு தமிழரான சிற்றம்பலமும் அப்படியே. எதிர்த்து வாக்களித்தவர் எதிர்க்கட்சியில் இருந்த ஜி. ஜி. பொன்னம்பலம்.

சில மாதங்களில் ஆட்கள் இடம் மாறினார்கள். பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் எந்த நிபந்தனைகளோடு விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்று சொல்லும் இரண்டாவது மசோதா வந்தது. 1948 டிசம்பர் 10, இரண்டாம் வாசிப்பு. வாக்கெடுப்பு நேரத்தில் சுந்தரலிங்கம் சபையை விட்டு வெளியேறிவிட்டார். பொன்னம்பலம் மசோதாவை ஆதரித்தார். ஓர் அமைச்சரே வாக்களிக்காமல் போனதற்குப் பிரதமர் விளக்கம் கேட்டார். சுந்தரலிங்கம் பதவி விலகினார். மொத்தம் பதினைந்து மாதங்கள்கூட அவர் அமைச்சராக இருக்கவில்லை.

தாமதமாக வந்த எதிர்ப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவருடைய தொகுதி வன்னியில். நாடற்றவர்கள் ஆனவர்களில் மிகப் பெரும்பாலோர் மலைநாட்டில். அவர்களுக்காக விலகியதால் வவுனியாவில் அவருக்கு ஓர் ஓட்டுகூடக் கூடியிருக்காது. அவர் இழந்தது மட்டும் நிச்சயம்: இருபது ஆண்டு நட்பு, பதவி, கார், செல்வாக்கு எல்லாம். அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடியுரிமை இல்லாதவர்களின் வாக்கையும் பறித்தார்கள். 1947இல் ஏழு இடங்களை வென்ற இலங்கை இந்தியர் காங்கிரசுக்கு 1952இல் ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஏழிலிருந்து பூஜ்யம். 1936இல் அவரே போட்டுக் காட்டிய வித்தைக்கு இது அண்ணன் முறை.

அதன்பின் வந்த ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1951இலும் 1955இலும் அவர் நாடாளுமன்ற இடம் காலியானது. இரண்டு முறையும் வவுனியா மக்கள் இடைத்தேர்தலில் அவரையே திருப்பி அனுப்பினார்கள். அடங்காத் தமிழன் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. வன்னிக்கே அடங்காப்பற்று என்று ஒரு பழைய பெயர் உண்டு; தொகுதிக்கும் ஆளுக்கும் நல்ல பொருத்தம். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. ஒன்றுபட்ட இலங்கைக்காகக் கணக்குப் போட்டவர், தமிழருக்குத் தனிநாடு கேட்ட முதல் அரசியல்வாதிகளில் ஒருவரானார். 1960 தேர்தலில் தோற்றார். பிறகு அவர் நாடாளுமன்றம் போகவே இல்லை.

கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் நான் அவர் படத்தை மேசையில் ஒட்டி வைத்திருப்பேன். ஆனால் 1968 இருக்கிறதே. யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் போய் வழிபட ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் திரண்டு வந்தார்கள். அவர்களை உள்ளே விடாமல் வாசலில் மறித்த கூட்டத்தின் முன்னால் நின்றவர் இந்தப் பேராசிரியர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆக்ஸ்போர்டு, சட்டப் படிப்பு, இருபது ஆண்டு ஆசிரியப் பணி, நாடற்றவர்களுக்காகத் துறந்த பதவி, எதுவும் அந்த வாசலில் அவருக்கு வழி காட்டவில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தது. கோயில் மரபு என்று வாதாடி, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார். அங்கேயும் தோற்றார்.

தோழியின் தாத்தாவிடம் இதைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தேநீரை நகர்த்திவிட்டு, அது பிழைதான் பிள்ளை என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கிண்டவில்லை. ஸ்காட் ரோட்டில் அவர்கள் வழக்கமாகப் போவதும் கந்தசாமி கோயிலுக்குத்தான்.

1970இல் காங்கேசன்துறையில் செல்வநாயகத்தை எதிர்த்து நின்று சுந்தரலிங்கம் தோற்றார். 1985 பிப்ரவரியில், 89 வயதில் மறைந்தார்.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் முழுக் கதையையும் சொன்னேன். பேராசிரியரைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. அந்தத் தோட்டத்துச் சனங்கள் என்ன ஆனார்கள் என்றுதான் கேட்டார். 1964இல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று பங்கு பிரித்ததையும், 1,50,000 பேரின் முடிவைத் தள்ளிப்போட்டதையும் சொன்னேன். எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது என்றேன்.

எத்தனை வருசம் ஆச்சு என்று பாட்டி கேட்டார். 55 என்றேன். எனக்கு 61 என்றார்.