மருந்து கண்ட மங்கை

1933ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் முதியவர் ஒருவர் வயிற்றுப் புற்றுநோயால் உருக்குலைந்து இறந்தார். அவரிடம் பேரன்பு கொண்டிருந்த பேத்திக்கு அப்போது வயது பதினைந்து. தாத்தாவின் துன்பத்தை அருகிலிருந்து கண்ட அச்சிறுமி, அந்நோய்க்கு மருந்து காண வேண்டும் என்னும் எண்ணத்தோடு அவ்வாண்டே ஹண்டர் கல்லூரியில் சேர்ந்து வேதியியல் பயிலத் தொடங்கினார். அவரே கெர்ட்ரூட் பெல் எலியன்.

எலியன் பிறந்த நாள் 1918 சனவரி 23. லிதுவேனியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த தந்தை பல் மருத்துவர். 1929ஆம் ஆண்டின் பங்குச்சந்தை வீழ்ச்சி அவருடைய செல்வத்தைக் கரைத்துவிட்டது. ஹண்டர் கல்லூரியில் கட்டணம் இல்லாமையாலேயே மகளின் உயர்கல்வி கைகூடிற்று.

1937இல் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றும் ஆய்வகக் கதவுகள் திறக்கவில்லை. பெண் ஒருவர் உடனிருந்தால் ஆண்களின் கவனம் சிதறும் என்று ஓரிடத்தில் மறுத்தனர். அவருடைய தேர்ச்சியைப் பற்றி அங்கு எவரும் குறைகூறவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. சிலகாலம் ஊதியமின்றி ஓர் ஆய்வகத்தில் உதவினார். பகலில் பள்ளியில் கற்பித்து, இரவிலும் வார இறுதியிலும் ஆய்வு செய்து 1941இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, அவரை மணக்கவிருந்த இளைஞர் இதயத்தில் ஏற்பட்ட பாக்டீரியத் தொற்றால் இறந்தார். அத்தொற்றை வெல்லவல்ல பென்சிலின் மருத்துவர் கைக்கு வரச் சில ஆண்டுகளே இருந்தன. எலியன் பின்னர் எவரையும் மணக்கவில்லை.

உணவு நிறுவனமொன்றில் ஊறுகாயின் புளிப்பை அளந்துகொண்டிருந்த அவருக்கு, போர்க்கால ஆள் பற்றாக்குறை வழிவிட்டது. 1944இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸின் உதவியாளரானார். மாலை வேளைகளில் முனைவர் பட்டத்திற்கும் பயின்றார். முழுநேரமும் பயின்றாலன்றித் தொடர இயலாது என்று கல்வி நிறுவனம் கூறியபோது, பட்டத்தை விடுத்துப் பணியைத் தேர்ந்தார்.

அக்காலத்தில் எண்ணற்ற பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, தற்செயலாகப் பயன்தருவதை மருந்தாகக் கொள்வதே பெருவழக்கு. இவ்விருவரும் வேறு வழி சென்றனர். உயிரணு பெருக வேண்டுமாயின் டி.என்.ஏ.வை உருவாக்க வேண்டும். அதற்குப் பியூரின் முதலிய மூலப்பொருள்கள் தேவை. அவற்றைப் போலத் தோன்றும் போலிகளைக் கொடுத்தால் நோயணுவின் பெருக்கம் தடைபடும் என்பது அவர்கள் கருத்து. அவ்வாறு பிறந்த மெர்காப்டோபியூரின், 1953 முதல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. ஆயினும் குணமடைந்த குழந்தைகள் பலர் மீண்டும் நோயுற்று மடிந்தனர். அத்துயரம் எலியனை அம்மருந்து உடலினுள் செல்லும் வழியைத் துருவி ஆராயத் தூண்டியது. அதன் கிளையான அசதயோபிரின் மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்றுக்கொள்ளத் துணைநின்றது.

1968இல் அவர் வைரசின் பக்கம் திரும்பினார். வைரஸ் தனக்கென உலைக்களம் இல்லாதது. நம் உயிரணுவினுள் புகுந்து, அதன் கருவிகளைக் கொண்டே பெருகுவது. ஆதலால் அதனைத் தாக்கும் நஞ்சு உயிரணுவையும் தாக்கும் என்று அறிஞர் பலர் நம்பிக்கை இழந்திருந்தனர். ஹோவர்ட் ஷெஃபர் உள்ளிட்ட உடன்பணியாளர்களோடு இணைந்து அவர் வெளிக்கொணர்ந்த அசைக்ளோவிர் அவ்வையத்தைப் போக்கிற்று. குவானோசினை ஒத்த இப்பொருளில் சர்க்கரை வளையம் முழுமையாக இராது. இது நலமான உயிரணுவில் பெரும்பாலும் வாளாவிருக்கும். ஹெர்பிஸ் வைரஸ் புகுந்த உயிரணுவிலோ, அவ்வைரசுக்கே உரிய நொதி இதனுடன் பாஸ்பேட்டை இணைக்கிறது. மேலும் இரு பாஸ்பேட்டுகளை உயிரணுவின் நொதிகள் சேர்க்கின்றன. இப்போது அது முழு மருந்து. வளரும் டி.என்.ஏ. சங்கிலியில் அது சேர்ந்தவுடன், அடுத்த கண்ணியைக் கோக்கக் கொக்கி இல்லாமையால் சங்கிலி அங்கேயே நின்றுவிடுகிறது. தன்னை அழிக்கும் படைக்கலத்தை வைரசே கூர்தீட்டிக்கொள்கிறது! இச்செயல்முறையை விளக்க எலியன் குழுவினர் பல்லாண்டு உழைத்தனர்; விளக்கம் 1977இல் வெளிவந்தது. அக்கி நோயாளர்க்கும், ஹெர்பிஸ் மூளையழற்சியால் உயிருக்குப் போராடியோர்க்கும் இம்மருந்து புகலாயிற்று.

1983இல் அவர் ஓய்வு பெற்றார். அவரிடம் பயிற்சி பெற்றோர் எய்ட்சுக்கு எதிரான முதல் மருந்தாகிய ஏ.இசட்.டி.யை உருவாக்குவதில் பங்கேற்றனர். 1988இல் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் எலியன் நோபல் பரிசு பெற்றார். அப்போதும் அவர் முயன்று பெற்ற முனைவர் பட்டம் ஏதுமில்லை. முன்பு அவர் படிப்பைக் கைவிட நேர்ந்த அதே கல்வி நிறுவனம் மறு ஆண்டில் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. பரிசையும் பட்டங்களையும்விட, குணமடைந்தோர் எழுதிய மடல்களையே அவர் பெரிதாகப் போற்றினார். 1999 பிப்ரவரி 21 அன்று வட கரோலினாவில் எலியன் காலமானார்.