தோல்வி அறியாத இருவர்! பட்டம் யாருக்கு?
கால்பந்து மேதை நூட் ராக்னியின் கதை

ஓர் ஊரில் இரண்டு பயில்வான்கள். இருவரும் தோற்றதே இல்லை. யார் பெரியவர் என்று தெரிய வேண்டுமானால் மோதவிட வேண்டும். மோதவிடாமல், காகிதத்தில் கணக்குப் போட்டு ஒருவருக்குப் பட்டம் கொடுத்தால் எப்படி இருக்கும்?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அப்படித்தான் நடந்தது. பல ஆண்டுகள் நடந்தது. அந்தக் காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர் நூட் ராக்னி.

அமெரிக்கக் கால்பந்து வேறு, நம் ஊர்க் கால்பந்து வேறு. அங்கே பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். தூக்கி எறிவார்கள். எதிரிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள். காலுக்கு வேலை குறைவு. பெயர் மட்டும் கால்பந்து!

தபால் ஆபீசில் வேலை

ராக்னி 1888-ம் ஆண்டு நார்வே நாட்டில் பிறந்தார். தந்தை கோச்சு வண்டி செய்பவர். 1893-ல் சிகாகோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியை ஒட்டி அவர் அமெரிக்கா சென்றார். குடும்பமும் அங்கேயே குடியேறியது. அப்போது ராக்னிக்கு வயது 5.

மேலே படிக்கப் பணம் இல்லை. தபால் ஆபீசில் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். மற்றவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறும் வயதில், அதாவது 22-வது வயதில், அவர் கல்லூரிக்குள் நுழைந்தார். இண்டியானா மாகாணத்தில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் நடத்தும் நோட்டர் டேம் பல்கலைக்கழகம் அது. ரசாயனம் படித்தார். நன்றாகவே படித்தார்.

1913-ம் ஆண்டு கோடை விடுமுறை. ராக்னியும் நண்பர் டோரேயும் ஓர் ஏரிக்கரையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வேலை முடிந்ததும் மணலில் பந்து வீசிப் பழகுவார்கள். ஒருவர் வீசுவார். மற்றவர் ஓடிக்கொண்டே பிடிப்பார். பந்தை முன்னால் வீசலாம் என்று 1906-லேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் அதைப் பெரிதாக நினைத்தவர்கள் குறைவு.

நவம்பர் முதல் தேதி, பேர் பெற்ற ராணுவக் கல்லூரிக் கோஷ்டியுடன் ஆட்டம். ஏரிக்கரை வித்தை பலித்தது. நோட்டர் டேம் 35, ராணுவக் கல்லூரி 13. நாடே திரும்பிப் பார்த்தது.

1918-ல் ராக்னி தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 13 ஆண்டுகளில் 105 வெற்றி. 12 தோல்வி. 5 ஆட்டம் சமம்.

ஒரு விருந்து

1924-ல் அவர் கோஷ்டி எல்லா ஆட்டத்திலும் வென்றது. மேற்குக் கடற்கரையில் ஸ்டான்போர்டு கோஷ்டியும் தோற்காமல் இருந்தது. ராக்னி பையன்களை ரெயிலில் ஏற்றிக்கொண்டு நாட்டின் மறுகோடிக்கே போனார். 1925 ஜனவரி முதல் தேதி, ரோஸ் பவுல் மைதானத்தில் 27-10 என்று வென்றார். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஆனால் நோட்டர் டேம் நிர்வாகிகள் யோசித்தார்கள். பையன்கள் படிக்க வந்தவர்கள். இப்படி ஊர் ஊராகப் போனால் பாடம் என்ன ஆவது? இனிமேல் இத்தகைய ஆட்டம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். 40 ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தடை நீடித்தது.

அடுத்து வந்தது கணக்கு. இல்லினாய் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் டிக்கின்சன் 1926-ல் ஒரு முறையை வெளியிட்டார். பலமான கோஷ்டியை வென்றால் அதிகப் புள்ளி. நோஞ்சான் கோஷ்டியை வென்றால் குறைந்த புள்ளி. கூட்டிப் பார்த்துக் கோப்பை கொடுத்துவிடலாம்!

ராக்னி பேராசிரியரை விருந்துக்கு அழைத்தார். இரண்டு ஆண்டு பின்னால் போய், 1924-ல் இருந்தே கணக்குப் போட வைத்தார். 1924-க்கான பட்டம் யாருக்கு வந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? மைதானத்தில் மட்டும் அல்ல, சாப்பாட்டு மேஜையிலும் ராக்னி கெட்டிக்காரர்தான்.

சந்திக்காத இருவர்

1929-ல் காலில் ரத்தம் கட்டியது. டாக்டர்கள் எச்சரித்தும் கேட்காமல், சக்கர நாற்காலியில் வந்து பயிற்சி கொடுத்தார். அந்த ஆண்டும் தோல்வி இல்லை.

1930 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கடைசி ஆட்டம். 27-0 என்று வெற்றி. 10 ஆட்டம், 10 வெற்றி. ரோஸ் பவுல் மைதானம் பக்கத்து ஊரில்தான் இருந்தது. ஆனால் தடை இருக்கிறதே! கோஷ்டி வீடு திரும்பியது.

சில வாரங்களில் அதே ரோஸ் பவுலில் அலபாமா கோஷ்டி ஆடி வென்றது. அதற்கும் 10 ஆட்டம், 10 வெற்றி. இரண்டும் மோதவே இல்லை. பேராசிரியரின் கோப்பை நோட்டர் டேமுக்கு வந்தது. இன்று வரை இரண்டு பல்கலைக்கழகங்களும் அந்த ஆண்டின் பட்டம் தங்களுக்கே என்கின்றன.

1931 மார்ச் 31. சினிமாப் பட வேலையாக ராக்னி விமானத்தில் புறப்பட்டார். கான்சாஸ் மாகாணத்தில் விமானம் விழுந்து நொறுங்கியது. இருந்த 8 பேரும் பலி. ராக்னிக்கு வயது 43. மரத்தால் ஆன இறக்கை முறிந்ததுதான் காரணம். மர விமானத்தைப் பயணிகளுக்கு விடலாமா என்று நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. அந்த வகை விமானங்கள் மெல்ல மறைந்தன.

16 ஆட்டங்கள்

முதல் இரண்டு இடக் கோஷ்டிகளை மோதவிடும் ஏற்பாடு 1998-ல் வந்தது. 2014-ல் அது நான்கு ஆனது. 2024-ல் பன்னிரண்டு ஆனது. அந்த ஆண்டு நோட்டர் டேம் இறுதி ஆட்டம் வரை போய், ஒகையோ மாகாணக் கோஷ்டியிடம் தோற்றது. ராக்னியின் பையன்கள் 1930-ல் ஆடியது 10 ஆட்டம். இவர்கள் ஆடியது 16. இவர்களும் மாணவர்கள்தான். எலும்பும் தசையும் அதேதான்.

இருந்தும் 16 கோஷ்டி வேண்டும், 24 வேண்டும் என்ற பேச்சு 2025-ல் பலமாக எழுந்தது. சிறிய கல்லூரிக்கும் வாய்ப்பு வரும் என்றார்கள் ஒரு சாரார். வாரா வாரம் நடக்கும் ஆட்டத்துக்கு மதிப்புப் போய்விடும் என்றார்கள் மறு சாரார்.

அதே டிசம்பரில் தேர்வுக் குழு பன்னிரண்டு பெயரை அறிவித்தது. நோட்டர் டேம் முதல் இரண்டு ஆட்டத்தில் தோற்று, பிறகு தொடர்ந்து 10 ஆட்டத்தில் வென்றிருந்தது. அதற்கு இடம் இல்லை. அதை முதல் ஆட்டத்தில் வென்ற மயாமிக்கு இடம் கிடைத்தது; மயாமி இறுதி ஆட்டம் வரை போனது.

பட்டம் இல்லாத வேறோர் ஆட்டத்தில் ஆடலாம் என்ற வாய்ப்பு நோட்டர் டேமுக்கு இருந்தது. அவர்கள் வேண்டாம் என்றார்கள். 1930-ல் நடந்தது போலவே வழக்கமான ஆட்டங்களோடு முடித்துக்கொண்டார்கள்.